ஆளுக்கொரு மருந்து!

சீன நாட்டிலே, இற்றைக்கு ஏறத்தாழ 1,800 ஆண்டுகட்கு முன்னர், அரசு அலுவலர் இருவர் நோயுற்றனர். இருவருக்கும் தலைவலி. இருவருக்கும் உடலிலே கொதிப்பு. ஒருவர் படும் துன்பத்தை மற்றவர் வாயால் கூறினாலும் பொருந்தும்; அத்துணை ஒற்றுமை. ஹுவா துவோ எனும் புகழ்பெற்ற மருத்துவர் வந்து பார்த்தார். ஒருவருக்குப் பேதிக்குக் கொடுக்க வேண்டும் என்றார்; மற்றவருக்கு வியர்வை வருவிக்க வேண்டும் என்றார். நோய் ஒன்று, மருந்து இரண்டா என்று கேட்டனர் சுற்றி நின்றோர். ஒருவருக்கு நோய் உள்ளே குடிகொண்டிருக்கிறது, மற்றவருக்கு வெளியே நிற்கிறது, ஆகவே மருத்துவமும் வேறுபடத்தான் வேண்டும் என்று விடை கிடைத்தது. மருந்து கொடுக்கப்பட்டது, மறுநாட் காலை இருவரும் எழுந்து நடமாடினர். மூன்றாம் நூற்றாண்டிலே சென் ஷோ என்பார் எழுதிய 'மூன்று அரசுகளின் வரலாறு' எனும் ஏட்டிலே காணப்படும் நிகழ்ச்சி இது.

இக்கதையைக் கேட்டதும் ஒரு சாரார் கைதட்டுவர். "ஆகா! அன்றே கண்டனர் முன்னோர்! இன்றைய மருத்துவமனைகளிலே ஊருக்கெல்லாம் ஒரே மாத்திரை. அங்கோ ஆளுக்கொரு மருந்து!" என்பர். மற்றொரு சாரார் கையை உதறுவர். "கட்டுக்கதை! கிழவர்களின் கஷாயக் கலயத்திலே ஆராய ஏதுமில்லை!" என்பர். கைதட்டுவது எளிது, கையை உதறுவதும் எளிது. கேள்வி கேட்பதுதான் கடினம். கடினமானதைத்தான் பகுத்தறிவாளர் மேற்கொள்ள வேண்டும்.

கேள்வி இதுதான். மனிதருக்கு மனிதர் வேறுபாடு உண்டு. ஆகவே மருந்தும் ஆளுக்கேற்ப வேறுபட வேண்டும் என்கிறார்கள். சரி. ஆளுக்கேற்ப வேறுபடும் மருந்தாதலால், பொதுச் சோதனை எதற்கும் அதனை உட்படுத்தல் ஆகாது என்கிறார்கள். இதுவும் சரிதானா? முதற் கூற்றிலிருந்து இரண்டாவது கூற்றுக்குச் செல்லப் பாலம் உண்டா, அன்றி இடையிலே இருப்பது பள்ளந்தானா?

முதலில் முறையை அறிவோம். அறியாமலே பழிப்பது பகுத்தறிவு ஆகாது. அது மற்றொரு வகை மூடநம்பிக்கை!

சீன மருத்துவர் நோயாளியை நான்கு வழிகளிலே தேர்ந்தறிவார். பார்த்தல் ஒன்று, கேட்டலும் முகர்தலும் ஒன்று, வினவுதல் ஒன்று, தொட்டறிதல் ஒன்று. முகத்தின் நிறம் என்ன, நாவின் நிறம் என்ன, நாவின்மேல் படிந்திருப்பது வெண்மையா மஞ்சளா என்று பார்ப்பார். குரலின் வலிமையைக் கேட்பார். பசி எப்படி, உறக்கம் எப்படி, வியர்வை உண்டா, வாய் கசக்கிறதா, காற்றுப் பட்டால் உடல் நடுங்குகிறதா என்றெல்லாம் வினவுவார். இறுதியில் மணிக்கட்டிலே மூன்று விரல்களை வைத்து மூன்று இடங்களிலே நாடி பார்ப்பார். இவ்வளவும் தொகுத்தபின் அவர் உரைப்பது நோயின் பெயரை மட்டும் அன்று. நோயாளி இன்று நிற்கும் நிலையை. ஒரே நோய்க்கு வெவ்வேறு மருத்துவம், வெவ்வேறு நோய்க்கு ஒரே மருத்துவம் என்பது அவர்தம் கொள்கை. நோய் எதுவாயினும் நிலை ஒன்றானால் மருந்து ஒன்று. நிலை மாறினால் மருந்தும் மாறும்.

எடுத்துக்காட்டு வேண்டுமா? ஹுவா துவோவின் காலத்தவரே சாங் சோங்ஜிங் என்பார். அவருடைய சுற்றத்தார் இருநூற்றுக்கு மேற்பட்டோர். 196 ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டு முடிவதற்குள் அவர்களிலே மூன்றில் இரு பங்கினர் மாண்டனர். மாண்டோரிலே பத்துக்கு எழுவரைக் கொண்டுசென்றது குளிர்க்காய்ச்சல். அந்த வேதனையிலே பிறந்தது 'ஷாங்ஹான் லுன்' எனும் நூல். சாமியிடம் முறையிட்டு எழுதப்பட்ட தோத்திரம் அன்று அது. சாவைக் கண்டு சினந்த ஒருவர் எழுதிய கைந்நூல்.

அந்நூலிலே இலவங்கக் கிளைக் கஷாயம் என்று ஒன்று. இலவங்கப்பட்டை இனத்து மரத்தின் இளங்கிளை மூன்று பங்கு, பியோனிச் செடியின் வேர் மூன்று பங்கு, இஞ்சி மூன்று பங்கு, அதிமதுரம் இரண்டு பங்கு, சீன இலந்தைப் பழம் பன்னிரண்டு. காய்ச்சல் அடிக்கிறது, வியர்வையும் வருகிறது, காற்றுப் பட்டால் உடல் கூசுகிறது எனும் நிலையில் இருப்போர்க்கு இது. அதே காய்ச்சல், ஆனால் வியர்வை இல்லை, உடலெல்லாம் வலி, நாடி முறுக்கிய கயிறுபோல் இருக்கிறது என்றால், இதனைக் கொடுக்காதே என்று எச்சரிக்கிறது நூல். அவருக்கு உரியது மாஹுவாங் எனும் செடி சேர்ந்த வேறு கஷாயம்.

இத்துடன் நின்றதா? இல்லை. இலவங்கக் கஷாயத்துக்கு உரியவரே, ஆனால் பிடரியும் முதுகும் விறைத்திருக்கின்றன. குட்சுக் கிழங்கைச் சேர். வியர்வை நிற்காமல் ஒழுகுகிறது; பதப்படுத்திய நாபியைச் சேர். நெஞ்சு அடைத்தாற்போல் இருக்கிறது. பியோனி வேரை நீக்கு. வயிறு வலிக்கிறது, பியோனி வேரை இரு மடங்காக்கு. வயிற்றுவலியுடன் உடலும் தளர்ந்திருக்கிறது. இரு மடங்கு பியோனியோடு தானியம் முளைகட்டிக் காய்ச்சிய பாகையும் சேர். ஐந்தே ஐந்து சரக்குகள். ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் குறைத்து, ஒரு குடும்பமே உருவாகிவிடுகிறது! இன்றும் சீன மருந்துக் கடையிலே மருத்துவரின் சீட்டைப் பார்த்துச் சரக்குகளை நிறுத்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். சில நாள் கழித்து நோயாளி மீண்டும் வருகிறார். நிலை மாறியிருந்தால் சீட்டும் மாறுகிறது.

கஷாயச் சட்டிக்குள்ளேயும் ஓர் அரசாங்கம் நடத்தினர் அந்நாட்டார். தலையாய சரக்கு மன்னன். அதற்குக் கைகொடுப்பது அமைச்சன். கடுமையைத் தணிப்பது துணைவன். மற்றவற்றை இணைத்துச் செல்வது தூதன். மன்னனில்லாமல் மருந்தும் கொதிக்காது என்று எண்ணிய காலம் அது! நாம் சிரிக்கலாம். ஆனால் சிரித்துவிட்டு, உவமைக்குப் பின்னே இருக்கும் உழைப்பையும் காண வேண்டும். எந்தச் சரக்கு எதனோடு சேர்ந்தால் என்னாகும் என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்துக் குறித்துவைத்த உழைப்பு அது.

இந்த முறையிலே நாம் போற்றத்தக்கது ஒன்று உண்டு. நோயைப் பார்க்குமுன் நோயாளியைப் பார்க்கிறார்கள். இலவங்கக் கஷாயத்தைக் குடித்தபின் சூடான கஞ்சி பருகு, போர்த்துப் படு, வியர்வை மெல்ல அரும்பட்டும், ஆறாய் ஓடக் கூடாது, ஒரு வேளையிலேயே குணமானால் மீதியை நிறுத்திவிடு என்று படுக்கையருகே அமர்ந்து பேசுவதுபோல் பேசுகிறது அந்நூல். இன்றைய மருத்துவமனை வரிசையிலே மூன்று மணி நேரம் நின்று, முகத்தையும் நிமிர்ந்து பாராத ஒருவரிடம் மூன்று நிமிடம் பேசி, சீட்டுடன் வெளிவரும் ஏழைத் தாய், "என்னைக் கேட்கவே இல்லையே!" என்று ஏங்குகிறாளே, அந்த ஏக்கம் மூடநம்பிக்கையா? அல்ல, அல்ல! மனிதனாக மதிக்கப்பட வேண்டும் எனும் நியாயமான ஆசை. அந்த ஆசைக்கு அறிவியலின் பெயரால் இடம் மறுத்தால், அவள் வேறு வாசலைத் தட்டுவாள். தட்டும்போது அவளைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை.

ஆனால் மற்றொரு பக்கத்தையும் பார்ப்போம். ஆளுக்கொரு மருந்து என்றால், ஆளுக்கொரு மருத்துவர் அமர்ந்து நெடுநேரம் பார்க்க வேண்டும். யாருக்குக் கிடைக்கும் அது? செல்வருக்கு! வயற்காட்டிலே வாடுவோனுக்கு? இந்தக் கேள்வியும் சீன வரலாற்றிலேயே எழுந்தது. 1076 ஆம் ஆண்டிலே சோங் அரசு தன் தலைநகரான கைஃபெங்கிலே மருந்து விற்பனைச் சாலை ஒன்றைத் திறந்தது. ஆயத்த மருந்துகள், நிலையான அளவு. பின்னர் அச்சாலையின் மருந்து முறைகள் நூலாகத் தொகுக்கப்பட்டன. 788 முறைகள் அதிலே அடங்கின. மருத்துவரைத் தேடிச் செல்ல வழியற்றவனும் நோயின் குறிகளைச் சொல்லி மருந்து வாங்க வழி பிறந்தது.

இதனை எதிர்த்து எழுந்தார் சூ ஜென்ஹெங். 1281 முதல் 1358 வரை வாழ்ந்தவர். படகிலிருந்து ஆற்றிலே வாளைத் தவறவிட்டவன், வாள் விழுந்த இடம் இதுவென்று படகின் விளிம்பிலே கீறி வைத்தானாம். படகு கரை சேர்ந்தபின் அந்தக் கீறலுக்கு நேரே குதித்துத் தேடினானாம்! ஆயத்த மருந்தை நம்புவோர் அத்தகையர் என்று எள்ளினார் சூ. ஆறு ஓடுகிறது, படகு ஓடுகிறது, நோயாளியின் நிலையும் ஓடுகிறது. கீறல் மட்டும் நிலைத்து என்ன பயன்?

இருவர் வழக்கிலும் நீதி இருக்கிறது. அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது ஒரு நீதி. ஒவ்வொருவருக்கும் பொருந்த வேண்டும் என்பது மற்றொரு நீதி. இரண்டிலே எது மேல் என்பதன்று நம் கேள்வி. ஆயத்த மருந்தாயினும், ஆளுக்கேற்ற மருந்தாயினும், அது நோயைத் தீர்க்கிறதா என்று அறிவது எப்படி? கேள்வி அங்கேதான் வந்து நிற்கிறது. அங்கே வந்ததும், ஆளுக்கேற்ற மருத்துவத்தின் இன்றைய வழக்கறிஞர் சிலர் கதவைச் சாத்திவிடுகின்றனர். "ஒவ்வொருவரும் தனித்தன்மை உடையவர். நூறு பேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கும் உங்கள் சோதனை எங்களுக்குப் பொருந்தாது" என்கின்றனர்.

பொருந்தாதா? நண்பர்களே, பொறுமையாகச் சிந்திப்போம்.

ஒவ்வொரு நோயாளியும் முழுக்க முழுக்கத் தனி, வேறெவரோடும் எதிலும் ஒப்பில்லாதவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நேற்றைய நோயாளியிடம் கற்றது இன்றைய நோயாளிக்கு உதவுவது எப்படி? ஆசிரியர் மாணவனுக்குக் கற்பிப்பது எதனை? சாங் சோங்ஜிங் நூல் எழுதியது எதற்காக? வியர்ப்பவருக்கு இலவங்கம், வியர்க்காதவருக்கு மாஹுவாங் என்று அவர் எழுதினாரே, அது எந்த ஒருவரைப் பற்றியது? எவரையும் குறித்தது அன்று! வியர்க்கும் காய்ச்சற்காரர் அனைவரையும் பற்றிய பொதுவிதி அது. பிடரி விறைத்தால் குட்சு என்பதும் பொதுவிதி. வயிறு வலித்தால் பியோனியை இரட்டி என்பதும் பொதுவிதி. ஆளுக்கேற்பத் தைக்கும் தையற்காரனும் அளவுகோலை வைத்துத்தானே தைக்கிறான்! சட்டை ஒவ்வொன்றும் வேறு, அங்குலம் ஒன்றுதான்.

பொதுவிதி என்று ஒன்று இருந்தால், அது மெய்யா பொய்யா என்று கேட்கலாம். கேட்கலாம் என்றால் சோதிக்கலாம். இல்லை, விதி ஏதும் இல்லை, எல்லாம் மருத்துவரின் கைராசி என்பாராயின், அது மருத்துவமே அன்று, மந்திரம். ஹுவா துவோவின் முடிவை நினைவூட்டுவோம். 208 ஆம் ஆண்டு சாவோ சாவோ எனும் ஆதிக்கக்காரனால் அவர் கொல்லப்பட்டார். சாகுமுன் தம் நூலைச் சிறைக் காவலனிடம் நீட்டினார். அச்சத்தால் அவன் வாங்க மறுத்தான். அவரே அதனை நெருப்பிலிட்டார் என்கிறது வரலாறு. எரிந்தது ஏடு, அதனுடன் எரிந்தது, எழுதியதனால் பிறர் கற்றிருக்கக்கூடிய அனைத்தும். சாங் சோங்ஜிங்கின் நூலோ வாழ்ந்தது. எழுதப்படுவதும், கற்பிக்கப்படுவதும், பிறர் செய்து பார்க்கத்தக்கதும் எதுவோ அதற்குத்தான் அறிவு என்று பெயர்.

இன்னொன்றும் கேட்போம். ஆளுக்கேற்ற மருந்து என்று பேசுவோரின் நாட்டிலே நடப்பது என்ன? 2018 ஆம் ஆண்டிலே சீன அரசு பழம்பெரும் மருந்து முறைகள் நூறு கொண்ட பட்டியலை வெளியிட்டது. அவற்றின்படி ஆயத்த மருந்து செய்து விற்க, நோயாளிகளிடம் சோதித்துக் காட்டும் கட்டாயம் இல்லை என்றது. 2022 இல் ஷாங்காய் நகரம் கொரோனாத் தொற்றால் அடைபட்டுக் கிடந்தபோது, 'லியன்ஹுவா சிங்வென்' எனும் ஆயத்த மருந்துப் பெட்டிகள் வீடு வீடாக வழங்கப்பட்டன. யாருடைய நாடியைப் பார்த்தனர்? யாருடைய நாவைப் பார்த்தனர்? சோதனைக்கு வா என்றால், "ஆளுக்கு ஆள் வேறு!" விற்பனைக்கு வா என்றால், "அனைவருக்கும் ஒன்று!" இரு நாக்கு எதற்கு இருக்கும் என்பதை நாடறியும்.

சோதிக்க இயலாது என்ற வாதத்தை நாம் வாயால் மட்டும் மறுக்கவில்லை. சோதித்தே காட்டியிருக்கிறார்கள். அதுவும், ஆளுக்கேற்ப மருந்து கூட்டும் உரிமையைச் சீன மருத்துவரிடமிருந்து பறிக்காமலே!

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1998 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. வயிற்றுவலி, உப்பல், பேதியும் மலச்சிக்கலுமாக அலைக்கழிக்கும் குடல் நோய் உடையோர் 116 பேர். மூன்று பிரிவினராகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு ஆளுக்கேற்பக் கூட்டிய மூலிகை மருந்து. ஒரு பிரிவினருக்கு அனைவர்க்கும் ஒரே விதமான மூலிகை மருந்து. ஒரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத போலி. சுவையும் மணமும் காட்டிக்கொடுத்துவிடாதபடி எல்லாம் உறைக்குள்ளே. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது. 16 வாரங்கள் நடந்தது. முடிவு? மூலிகை உண்ட இரு பிரிவினரும் போலி உண்டவரைவிட நலம் பெற்றனர். மருந்து உண்ட காலத்திலே, ஆளுக்கேற்றது பொதுவானதை வென்றுவிடவில்லை. ஆனால் மருந்தை நிறுத்தி 14 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, ஆளுக்கேற்ற மருந்து உண்டவரிடத்திலேதான் அந்த நலம் நிலைத்திருந்தது.

வியப்பாக இருக்கிறதல்லவா? நமக்கு இனிப்பான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு கசப்பானதைத் துப்பிவிடும் பழக்கம் நமக்கு வேண்டா. அந்த ஆய்வு, ஆளுக்கேற்ற மருந்துக்கு ஓரளவு துணையும் நிற்கிறது. சிறிய ஆய்வு, மீண்டும் மீண்டும் செய்து பார்க்க வேண்டியது. ஆயினும் ஒன்றை ஐயமற நிலைநாட்டிவிட்டது: சோதிக்க முடியும்!

ஹாங்காங்கிலே மற்றொன்று, 2007 இல் வெளிவந்தது. புற்றுநோய் அறுவைக்குப்பின் கடுமருந்து ஏற்றப்படுவோர் 120 பேர். ஒவ்வொருவரையும் தேர்ந்த மூலிகை மருத்துவர் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் தனிச்சீட்டு எழுதினார். சீட்டு மருந்து கொடுக்குமிடம் சென்றது. அங்கே பாதிப்பேருக்குச் சீட்டிலே கண்ட மூலிகை. மீதிப்பேருக்கு அதுபோலத் தோன்றும் போலி. கவனிப்பு அனைவருக்கும் ஒன்று. வேறுபாடு பொட்டலத்துக்குள்ளே மட்டும். கடுமருந்தினால் இரத்த அணுக்கள் குறைவதை மூலிகை தடுக்கவில்லை. குமட்டலை மட்டும் ஓரளவு தணித்ததாகத் தெரிந்தது. அதே ஆண்டிலே, ஆளுக்கேற்ற மூலிகை மருத்துவம் பற்றி உலகிலே நடந்த முறையான ஆய்வுகளை எல்லாம் இங்கிலாந்து ஆய்வாளர்கள் தேடினர். தேறியவை மூன்றே மூன்று! ஏற்கத்தக்க சான்று போதவில்லை என்று முடிவு கூறினர். இரண்டாயிரம் ஆண்டுப் பெருமை ஒரு தட்டிலே. மூன்றே ஆய்வுகள் மறு தட்டிலே!

இன்னும் ஆழமான கேள்வி ஒன்று உண்டு. ஆளைப் பார்த்து மருந்து என்கிறீர்களே, ஆளைப் பார்ப்பதிலே உங்களுக்குள் ஒற்றுமை உண்டா? அமெரிக்காவில் இதனை ஆராய்ந்தனர். 2005 இல் முடிவு வெளிவந்தது. முடக்குவாத நோயாளிகள் 40 பேர். பயிற்சி பெற்ற சீன மருத்துவர் மூவர் தனித்தனியே அந்த 40 பேரையும் பார்த்தனர். நோயாளியின் நிலை இன்னது என்பதிலே இருவர் இருவராக ஒப்பிட்டால், நூற்றுக்கு ஏறத்தாழ 32 அளவே ஒத்துப்போயினர். ஆனால், ஒவ்வொருவரும் தாம் கண்ட நிலைக்கு எழுதிய மருந்து, பாடநூலிலே கண்டவாறு இருந்ததா என்று பார்த்தால், நூற்றுக்கு 92 அளவு பொருந்தியது!

இதன் பொருள் என்ன? அம்மருத்துவர்கள் சோம்பேறிகள் அல்லர், ஏமாற்றுவோரும் அல்லர். நூலுக்கு உண்மையாக நடந்தனர். ஆனால் நோயாளியின் உடலிலே அவர்கள் படித்தது மூவருக்கு மூன்று பாடம்! அப்படியானால் அந்த மருந்து ஏற்றது யாருக்கு? நோயாளிக்கா, மருத்துவருக்கா? ஒரே நோயாளி மூன்று வாசல்களை மிதித்து மூன்று மருந்துகளுடன் வெளிவந்தால், அது நோயாளியின் தனித்தன்மையைக் காட்டவில்லை; மருத்துவரின் தனித்தன்மையையே காட்டுகிறது.

'ஆளை மட்டும் பார்ப்போம். எண்ணிப் பார்க்க மாட்டோம்' என்பதனால் விளையும் கொடுமையையும் கூற வேண்டும். 1993 இல் பெல்ஜிய நாட்டு மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். உடல் மெலிய விரும்பிய பெண்கள் பிரஸ்ஸல்ஸ் நகரத்திலே மருந்துகள் உண்டனர். அவற்றிலே சீன மூலிகைகளும் சேர்ந்திருந்தன. இளம் வயதினர், சிறுநீரகம் சுருங்கி அழிந்தது. பாதிக்கப்பட்டோர் தொகை பின்னர் நூற்றையும் தாண்டியது. ஃபாங்ஜி எனும் மூலிகைக்குப் பதிலாக, பெயரிலே நெருங்கிய குவாங் ஃபாங்ஜி நுழைந்துவிட்டது. அது அரிஸ்டோலோக்கியா எனும் செடிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறுநீரகத்தை அழிப்பது, புற்றுநோயையும் விளைப்பது.

"அது மரபு முறை அன்று; மெலிவதற்காக எவரோ கலந்தது" என்பர். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அக்குடும்பத்துச் செடிகளை நெடுங்காலமாக மரபு மருத்துவரும் கையாண்டு வந்தனரே! தைவான் தீவிலே 1997 முதல் 2003 வரை, மக்களிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு அந்த நஞ்சு கலந்த மூலிகைகள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன என்று காப்பீட்டுக் கணக்குகளை ஆராய்ந்தோர் கண்டனர். 2003 இல்தான் அங்கே தடை வந்தது. தேர்ந்த விரல்கள் நாடி பார்த்தன; நாடி சொல்லவில்லை. தேர்ந்த கண்கள் நாவைப் பார்த்தன, நா சொல்லவில்லை. ஏன்? இன்று உண்ட மருந்து பல ஆண்டு கழித்துச் சிறுநீரகத்தை அரிக்குமானால், எதிரே அமர்ந்திருக்கும் ஒரு நோயாளியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது. ஆயிரம் பேரை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். நம் நாட்டு ஈசுவரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அக்குடும்பத்துச் செடிகளே என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

எண்ணிப் பார்ப்பது மனிதனை எண்ணாக்குவது என்று சிலர் வருந்துவர். அன்று! எண்ணப்படாதவன்தான் காணாமற் போகிறான். அவன் மரணத்துக்குக் காரணம் தேடுவோர் இல்லை. எண்ணிக்கை ஏழைக்கும் சாட்சி சொல்லும்.

அப்படியானால் மனிதருக்கு மனிதர் வேறுபாடே இல்லை என்கிறோமா? இல்லவே இல்லை. மலேரியாவைப் பாருங்கள். நான்காம் நூற்றாண்டிலே கோ ஹோங் எழுதிய கைந்நூலிலே, சிங்ஹாவ் எனும் செடியை நீரிலே ஊறவைத்துப் பிழிந்து பருகும் குறிப்பு இருந்தது. அதனைப் படித்த து யூயூ அம்மையார், காய்ச்சுவதால்தான் மருந்தின் வலிமை போகிறதோ என்று ஐயுற்றார், குறைந்த சூட்டிலே சாறெடுத்தார், சோதித்தார், 1972 இல் ஆர்ட்டெமிசினின் பிரித்தெடுக்கப்பட்டது. 2015 இல் நோபல் பரிசு. மூலிகையைக் காட்டியது பழைய நூல். அது மருந்துதான் என்று நிறுவியது சோதனை. அந்த மருந்து ஆண்டையையும் கூலியாளையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

அதே மலேரியாவுக்குப் பிரைமாகுயின் என்று மற்றொரு மருந்து உண்டு. பலருக்கு அது நலம் செய்யும்; சிலருக்கோ இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஏன் என்பது 1956 இல் புலப்பட்டது. அச்சிலர் உடலிலே ஒருவகை நொதி பிறப்பிலேயே குறைவு. இன்று துளி இரத்தத்தைச் சோதித்து, அவர்களுக்கு அம்மருந்தைத் தவிர்க்கிறார்கள். அல்லது அளவை மாற்றுகிறார்கள். இதுவும் ஆளுக்கேற்ற மருத்துவந்தான்! ஹுவா துவோவிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு, ஒரே நோய்க்கு இருவரிடம் ஏன் இருவகை என்பதற்கு, இங்கே விடை இருக்கிறது. அந்த விடையை எவர் வேண்டுமாயினும் சரிபார்க்கலாம். சென்னையிலே சோதித்தாலும் ஷாங்காயிலே சோதித்தாலும் விடை மாறாது. வேறுபாடு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. வேறுபாட்டை மெய்ப்பித்துக் காட்டு என்கிறோம். அவ்வளவே.

பள்ளியிலே பாடம் சொல்லும் தொழில் நம்முடையது. நாற்பது பிள்ளைகள், நாற்பது மனங்கள். ஒருவனுக்குக் கதை சொன்னால் புரிகிறது. ஒருவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஒருத்திக்குத் தோளைத் தட்டிக் கொடுத்தாலே போதும். ஆளுக்கேற்பக் கற்பிக்காதவர் ஆசிரியரே அல்லர். ஆனால் ஆண்டு முடிவிலே, "என் மாணவர் ஒவ்வொருவரும் தனி, ஆகவே அவர்களுக்குப் படிக்கத் தெரிகிறதா என்று நீங்கள் கேட்கலாகாது" என்று ஓர் ஆசிரியர் கூறினால் ஊர் ஒப்புமா? வழி ஆளுக்கொன்றாக இருக்கலாம்; எழுத்துக் கூட்டிப் படிக்கிறானா என்பது எல்லோரிடமும் கேட்கும் ஒரே கேள்வி. மருத்துவருக்கும் அப்படியே. மருந்து ஆளுக்கொன்றாக இருக்கலாம். நோய் தீர்ந்ததா, எத்தனை பேருக்குத் தீர்ந்தது, தீராதோர் எத்தனை பேர், தீங்குற்றோர் எத்தனை பேர் என்பது எல்லோரிடமும் கேட்கும் ஒரே கேள்வி.

சீனனைக் கேட்கும் இக்கேள்வியை நம்மவரிடமும் கேட்க வேண்டும். நாடி, நா, நிறம், மொழி, விழி என்று தொடங்கும் எண்வகைத் தேர்வு நம் சித்த மருத்துவத்திலும் உண்டு. நம்முடையது என்பதற்காக நமது துலாக்கோல் சாயலாகாது. நம்முடையது நல்லதாயின் சோதனையிலே ஒளிவிடும். ஒளிவிடாதாயின், அதனைக் கட்டிக்கொண்டு அழுவது தமிழ்ப்பற்று ஆகாது.

இளைஞர்களே! நாளை உங்கள் வீட்டிலேயே நோய் வரும். அன்னையின் கட்டிலருகே நீங்கள் நிற்பீர்கள். ஒருபுறம், முகம் பாராத மருத்துவமனை; மறுபுறம், முகம் பார்த்துப் பேசும் மூலிகைக்காரர். அன்று உங்கள் பகுத்தறிவுக்குத் தேர்வு. மருத்துவமனையிலே நின்று, என் தாயை மனிதராகப் பாருங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள் என்று உரிமையோடு கேளுங்கள். மூலிகைக்காரரிடம் நின்று, இதிலே என்னென்ன சேர்கிறது, எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், எத்தனை பேருக்குப் பலித்தது, எவர் எண்ணிப் பார்த்தார் என்று பணிவோடு கேளுங்கள். நல்லவராயின் விடை தருவார். விடை இல்லையெனின் இல்லையென்பார். சினப்பாராயின், அந்தச் சினமே விடை.

அன்பும் ஆய்வும் பகைகள் அல்ல. அன்பில்லாத ஆய்வு, நோயாளியைப் பாராமல் நோயை மட்டும் பார்க்கும். ஆய்வில்லாத அன்போ நஞ்சையும் கனிவோடு ஊட்டும். இரண்டையும் ஒருசேர எதிர்பார்க்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவோம். ஆளை மதிப்போம்; மருந்தை அளப்போம்!